படக்கொட்டகையில் எடுத்த ஒப்பாரி

1. தகரக் குழாய்

ஈப்போ படக்கொட்டகையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, திரையில் விழுந்த முதல் எழுத்தை நான் வாசித்தது யார் காதிலும் விழவில்லை. ஆண்கள் பக்கத்தில் அவ்வளவு சிரிப்பு.

“டேய், படத்துல மீசைக்காரன் பேசுறான், பொம்பளக் குரலு வருது. அவனுக்கு என்னா சீக்கு?” என்று ஒருவன் கேட்டான். அவன் பக்கத்தில் இருந்தவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள்.

அடுத்த எழுத்தை உரக்க வாசித்தேன். அதற்கடுத்ததை இன்னும் உரக்க வாசித்தேன். கதை சூடுபிடித்ததும் சிரிப்பு நின்றது. மீசைக்காரன் என்ன சொன்னான் என்று தெரிய வேண்டுமென்றால் அவர்களுக்கு என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் பேசாது. நடிப்பவர்கள் பேசுவது ஆங்கில எழுத்தாக நடுநடுவே திரையில் விழும். கொட்டகைக்கு வரும் நம் சனங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ஆங்கிலத்துக்கு எங்கே போவார்கள்? திரைக்குக் கீழே ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருக்கும். அதில் உட்கார்ந்து, எழுத்து விழுந்ததும் மனத்துக்குள் ஆங்கிலத்தில் படித்து, அது மறைவதற்குள் குரலைப் பெருக்கும் தகரக் குழாயில் தமிழாகச் சொல்லி முடிக்க வேண்டும். எழுத்துக்கு முன்னால் ஓடக்கூடாது, பின்னால் இழுபடவும் கூடாது. தொண்டையால் கத்தினால் இரண்டாவது காட்சிக்குக் குரல் இருக்காது. அடிவயிற்றிலிருந்து பேச வேண்டும்.

என் அப்பாவும் அம்மாவும் பாகான் செராய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் உள்ளே கால் வைத்தவள் நான்தான். மிஷன் பள்ளியில் தங்கிப் படித்தேன். கடைசிப் பரீட்சை நெருங்கிய நேரத்தில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த பிறகுதான் அப்பா வந்து சொன்னார். நான் பரீட்சை எழுதி, ஆங்கிலத்தில் முதலாவதாகத் தேறினேன். கொட்டகையில் நான் ஓர் எழுத்தைக்கூட விட்டதில்லை, ஒன்றைக்கூடப் பிழையாகச் சொன்னதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

2. கரும்புக்காட்டுக்காரி

நான் சேர்ந்து சில மாதங்கள் கழித்து அந்தப் படம் வந்தது. எங்கோ ஒரு தீவு. கரும்புத் தோட்டம். அந்தத் தீவை ஆள்கிற சிப்பாய்கள் ஆங்கிலேயர் அல்ல, வேறொரு ஐரோப்பிய நாட்டவர். அதனால்தான் மேலிடத்தில் படத்தைத் தடுக்காமல் விட்டார்கள் என்று மேனேஜர் சொன்னார். மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே கொட்டகையைச் சுற்றி வருவார்.

படத்தில் ஒரு விடியற்காலை. கரும்பு வெட்டுகிறவர்களை வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணுகிறார்கள். நோயாளியான ஒருவன் வரிசைக்கு வர முடியாமல் குடிசையில் கிடக்கிறான். சிப்பாய்களின் தலைவன் அவனை இழுத்துவரச் செய்து எல்லார் முன்னாலும் தூக்கிலிடுகிறான். தடுக்கப் போன மனைவியின் கையிலிருந்த குழந்தையைப் பிடுங்கி எறிகிறான். குழந்தை சாகிறது. அதன்பின் அந்தப் பெண் கத்தியோடு காடு முழுக்க அந்தச் சிப்பாய்களைத் தேடி அலைந்து, ஒவ்வொருவராகக் கொல்கிறாள். கடைசியில் தலைவனையும் கொல்கிறாள். அவளுக்குப் படத்தில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. நம் சனங்கள் அவளைக் கரும்புக்காட்டுக்காரி என்றே சொன்னார்கள்.

விடியற்காலைக் காட்சியில் விழுந்த எழுத்து, எல்லாரும் ஆள் எண்ணும் வரிசைக்கு வர வேண்டும் என்றது. நான் “எல்லாரும் பெரட்டுக்கு வாங்க” என்று வாசித்தேன். தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்றுதான் பெயர். அதைவிடச் சரியான சொல் தமிழில் இல்லை. அதைச் சொன்னதும் கொட்டகை முழுவதும் ஒரு சலசலப்பு. யாரோ, “அங்கயும் பெரட்டு இருக்கா?” என்றார்.

குழந்தையை எறிந்த இடத்தில் முதல் வகுப்பு நாற்காலிகளில் இருந்த கிளார்க் குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. “இதையெல்லாம் காட்டலாமா?” என்று ஒரு கணவர் மேனேஜரிடம் சண்டை போட்டார். ஆண்கள் பக்கத்து இளவட்டங்கள் கத்தி வரும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். முதல் சிப்பாய் விழுந்தபோது, “குத்து ஆத்தா, நல்லாக் குத்து” என்று கூவினார்கள். கடைசி ஆள் மண்டியிட்டுக் கெஞ்சி, அவள் அவனைக் குத்தும்போது கூவல் இல்லை. வெளியே வந்ததும் கூவியவர்களில் ஒருவனே, “எல்லாம் சரிதான். புள்ள திரும்பி வருமா லா?” என்று கேட்டுவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தான்.

பெண்கள் பக்கத்தில் நடந்தது வேறு. அது ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சி. சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காலை வெட்டை முடித்துவிட்டுப் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். குழந்தை செத்துக் கிடக்கிறது, தாய் மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். அந்த நேரத்தில், பெண்கள் பக்கத்தை மறைத்துத் தொங்கிய திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் எடுத்தாள். “என்னெப் பெத்த ராசாவே” என்று தொடங்கியது. நான் அடுத்த எழுத்தை வாசித்தேன். குரல் இரண்டாயிற்று, நான்காயிற்று. எட்டிப் பார்த்தேன். பெஞ்சுகளை விட்டு இறங்கித் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, சாவு வீட்டில் செய்வதுபோலவே ஆடி ஆடி அழுதார்கள்.

மேனேஜர் ஓடிவந்தார். “பிள்ளை, இதென்ன செத்த வீடே? நிப்பாட்டச் சொல்லும். சனம் எல்லாம் எழும்பிப் போகுது.”

நான் தகரக் குழாயை அவர்கள் பக்கம் திருப்பினேன். பள்ளிக்கூடத்தில் பழகிய தமிழில், “தாய்மார்களே, இது நடிப்பு. அந்தக் குழந்தை நலமாக இருக்கிறது. அழ வேண்டாம்” என்றேன்.

ஒப்பாரி நின்றது. வட்டத்தின் நடுவில் இருந்த, ஒல்லியான, முன்கையில் பால்கறை கறுத்துப்போன ஒரு பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்மா இங்கிலீசு ராணி, எங்களுக்குக் கண்ணு இல்லியா? படம்னு தெரியாதா? நீ உன் வேலயப் பாரு, நாங்க எங்க வேலயப் பாக்குறோம்.”

பெண்கள் அழுகையோடு சிரித்தார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார்கள்.

3. குழாயடி

பழிவாங்கும் பாகம் தொடங்கியபோது பெண்கள் பக்கம் காலியாக இருந்தது. அதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. காட்சி முடிந்ததும் கொட்டகைப் பின்கட்டுக்குப் போனேன். அவர்கள் குழாயடியில் முகம், கை, கால் கழுவி, தலையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். என்னை இங்கிலீசு ராணி என்று சொன்னவர் கூந்தலை உதறி முடிந்துகொண்டிருந்தார். பெயர் அஞ்சலை.

“அக்கா, மிச்சப் படத்தைப் பார்க்கலையா? அவ எல்லாரையும் கொன்னுட்டா” என்றேன்.

“கொல்லட்டும். அது அவ பாடு. நான் என் வீட்டுக்காரருக்கு அழ வந்தேன்.”

“படத்துல செத்தது குழந்தை.”

“யாரு செத்தா என்னா தங்கச்சி? அழ ஒரு சாவு வேணும்ல.”

பிறகு அவரே சொன்னார். அவருடைய கணவர் முத்தையன் காய்ச்சலோடு பெரட்டுக்குப் போனார். வர முடியாது என்றதற்குக் கங்காணி, கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். மரத்தடியில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. தோட்டம் முழுவதும் காய்ச்சல் பரவியிருந்த காலம் அது. உடனே புதைக்கச் சொல்லிவிட்டார்கள். அஞ்சலை அக்காவுக்கு ஆள் சொல்லி அனுப்பி, அவர் தாம் பால் வெட்டும் மர நிரையிலிருந்து ஓடிவந்தபோது மண் மூடியாயிற்று.

“ஒப்பாரி வைக்கக்கூடாதுன்னுட்டாரு கங்காணி. சத்தம் கேட்டா மத்த ஆளுங்க பயந்து ஓடிருவாங்களாம். துரை உத்தரவாம். எங்க லயத்துல எனக்கு மட்டும் இல்ல, இவளுக்கும் அப்படித்தான், அந்தா நிக்கிறாளே, அவளுக்கும் அப்படித்தான். மறுநா காலையில பெரட்டுக்குப் போயிட்டோம். நெஞ்சுக்குள்ளயே கட்டிக்கெடந்துச்சு. இங்க இருட்டா இருக்கு, ஒரு சாவும் விழுது. கங்காணியும் இல்ல.”

நான் புறப்படத் திரும்பினேன்.

“நீ யாருக்காச்சும் அழுதிருக்கியா?” என்று கேட்டார்.

“எனக்கு அடுத்த காட்சிக்கு நேரமாச்சு அக்கா” என்று வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பெண்கள் பக்கத்தில் நிற்க இடமில்லை. வேறு தோட்டங்களிலிருந்தும் வந்தார்கள். மேனேஜர் குழாய்த் தண்ணீரைப் பற்றி முணுமுணுத்தார்; ஆனால் யாரையும் நிறுத்தவில்லை. நானும் இந்த முறை தகரக் குழாயைத் திருப்பவில்லை. ஆனால் அழுகைக்கு மேலே குரலை உயர்த்தி எல்லா எழுத்துகளையும் வாசித்து முடித்தேன். எழுத்தை விடக்கூடாது என்பது என் கணக்கு.

4. மேலே வந்த துரை

அதற்கடுத்த ஞாயிறு காட்சி தொடங்குமுன் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

“சிம்பாங் பூலாய்த் தோட்டத்துத் துரை வாறார். போலீஸ் அதிகாரியையும் கூட்டிக்கொண்டு வாறார். மேல மாடியில இருந்து பாப்பினம். இஞ்ச வந்து தோட்டத்தைப் பற்றிப் பாடுகினம் எண்டு ஆரோ சொல்லிப்போட்டாங்கள். நீர் கவனமா வாசியும், பிள்ளை.”

நான் நேரே பெண்கள் பக்கம் போய் அஞ்சலை அக்காவைத் தனியாக அழைத்துச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அவருக்கு இரண்டு பிள்ளைகள். லயத்தை விட்டு வெளியே தள்ளினால் அந்த மூவரும் எங்கே போவார்கள் என்று எனக்கும் தெரியும். நானும் லயத்தில் பிறந்தவள்தான்.

“இன்னைக்கு ஒரு நாள் வேண்டாம் அக்கா. துரைக்குத் தமிழ் தெரியுமாம்.”

“தெரியும். பெரட்டுல வைவாரு. ‘வா, போ, வெட்டு, சோம்பேறி’, அந்தத் தமிழ்தான்” என்றார். பிறகு, “சரி, வாய மூடிக்கிட்டு இருக்கேன்” என்றார்.

அப்படியே இருக்கத்தான் பார்த்தார். குழந்தை விழுந்தபோது வேறு தோட்டத்துக் கிழவி ஒருவர் குரலெடுத்தார். துரை வந்திருப்பது அவருக்குத் தெரியாது. வட்டம் கூடிவிட்டது. கொஞ்ச நேரம் அஞ்சலை அக்காவின் குரல் அதில் இல்லை. பிறகு வந்தது. மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே எழுந்தது.

“பால்மரத்து நெழலுல
படுத்தவர எழுப்பலையே
பெரட்டு மணி அடிச்சதுன்னு
பொசுக்குன்னு மண்ணு மூடயில
பேர் சொல்லிக் கூப்பிடலையே”

அன்று என் வாயில் எழுத்து வரவில்லை. தகரக் குழாய் மடியில் கிடந்தது. எத்தனை எழுத்து விழுந்து மறைந்தது என்று எனக்குத் தெரியாது.

காட்சி முடிந்ததும் மேனேஜர் அறைக்கு என்னை வரச் சொன்னார்கள். போலீஸ் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துரை சன்னலோரம் நின்றார். அந்தப் பெண்கள் என்ன பாடினார்கள் என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். இறந்த குழந்தைக்காக அழுதார்கள், எங்கள் வழக்கத்தில் இறந்தவர்களுக்காகப் பெண்கள் அப்படிப் பாடுவார்கள் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

துரை என்னிடம் ஆங்கிலம் பேசவில்லை. நான் எத்தனை நல்ல ஆங்கிலத்தில் சொன்னாலும் அவர் தமிழில்தான் கேட்டார்.

“நீ பொய் சொல்லுது. நான் கேட்டான். அந்தப் பொம்பளே பெரட்டு சொல்லுது. செத்த பிள்ளைக்குப் பெரட்டு எதுக்கு? என் தோட்டம் பத்தி பாடுது.”

அவருக்குப் புரிந்தது அந்த ஒரே சொல்தான் என்பது எனக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் அவருக்கு வெறும் அழுகைச் சத்தம். ஆனால் அந்த ஒரு சொல் போதும். அஞ்சலை அக்கா இன்னும் குழாயடியில்தான் நின்றிருந்தார். சன்னலைத் திறந்து துரை கைகாட்டினால் முடிந்தது.

நான் அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன்: “அந்தச் சொல் அவர்களுடையது அல்ல, ஐயா. என்னுடையது. படத்தின் தொடக்கத்தில் ஆள் எண்ணும் வரிசை என்று வரும் எழுத்தை நான் பெரட்டு என்று வாசித்தேன். மூன்று ஞாயிறாக அப்படித்தான் வாசிக்கிறேன். அதைக் கேட்டுத்தான் அவர்கள் பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.”

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர், ஆமாம், அப்படித்தான் வாசித்தாள் என்று சொன்னார். அது உண்மைதானே.

“அப்போ தப்பு நீ பண்ணுது” என்றார் துரை. “வேற தேசத்து கதே. நீ என் தோட்டத்துச் சொல் போட்டு, கூலி ஆள் மனசு கெடுக்குது.”

அதைவிடச் சரியான சொல் தமிழில் இல்லை என்று என் வாய் வரை வந்தது. பள்ளிக்கூடத்திலும் கொட்டகையிலும் நான் யாரிடமும் பிழை என்று ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொள்ளும்படி நான் எதுவும் செய்ததில்லை. சன்னலுக்கு வெளியே குழாய்த் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

“ஆமாம், பிழையாக வாசித்துவிட்டேன்” என்றேன். “எனக்கு ஆங்கிலம் அவ்வளவு போதாது.”

துரைக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். படிக்காத ஆட்களுக்குப் படித்தவர்கள்தான் கெடுதல் செய்கிறார்கள் என்று அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அது எனக்குப் புரியாது என்று அப்போது நம்பினாரோ என்னவோ.

படம் தவணை முடியும் வரை ஓடலாம், ஆனால் யாரும் தமிழில் வாசிக்கக்கூடாது என்று அதிகாரி உத்தரவிட்டார். என்னை இனி அந்தக் கொட்டகையில் வாசிக்கவே விடக்கூடாது என்றார்.

அவர்கள் போனபின் மேனேஜர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

“நீர் பிழை விடேல்லை எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. நானும் கொஞ்சம் இங்கிலீசு படிச்சனான்.”

“தெரியும் ஐயா.”

“நாற்காலியை எடுக்கச் சொல்லிப்போட்டினம். நான் என்ன செய்ய?”

நான் தகரக் குழாயை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

5. வாசிக்காத ஞாயிறு

அடுத்த ஞாயிறு சீட்டு வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பெண்கள் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்திருந்தார்கள். அஞ்சலை அக்கா தம் பக்கத்தில் பெஞ்சைத் துடைத்து, “வா தங்கச்சி, இன்னைக்கு உனக்கு லீவா?” என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மேனேஜர் சொல்லியிருக்கிறார். வேறெதுவும் அவர் கேட்கவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காட்சி முடியும் வரை விடவில்லை.

என் நாற்காலி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. எழுத்துகள் விழுந்து மறைந்தன. நான் மட்டும் மனத்துக்குள் படித்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் பக்கத்தில் ஒருவன், “வாசிக்கிற பொண்ணு எங்கடா? கத ஒண்ணும் ஓடலையே” என்றான். “கத தெரியலயா உனக்கு? கண்ணத் தொறந்து பாரு” என்று இன்னொருவன் அதட்டினான். விடியற்காலைக் காட்சி வந்தபோது பின்வரிசையிலிருந்து யாரோ மெதுவாக, “பெரட்டு” என்றார். அதைச் சொல்ல நான் தேவைப்படவில்லை.

குழந்தை விழுந்தது. பெண்கள் தரையில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். ஒரு கை என் வலது தோளில் விழுந்தது, ஒரு கை இடது தோளில். எனக்கு ஒப்பாரி தெரியாது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருக்க வேண்டிய அம்மா, அந்தப் பாட்டை எடுக்க மகள் பக்கத்தில் இல்லாமலே மண்ணுக்குள் போனார்.

அஞ்சலை அக்கா என் காதருகில், “யாருக்கு?” என்று கேட்டார்.

“அம்மாவுக்கு.”

அவர் ஓர் அடி எடுத்துக் கொடுத்தார். நான் திருப்பிச் சொன்னேன். இன்னோர் அடி எடுத்துக் கொடுத்தார். அதையும் திருப்பிச் சொன்னேன். மூன்றாவது அடிக்கு அவர் வாய் திறக்குமுன் எனக்கே வந்துவிட்டது. பிறகு குழாயடியில் அவர்களோடு நின்று முகம் கழுவினேன். பழிவாங்கும் பாகத்தை அன்று நானும் பார்க்கவில்லை.

இப்போது தெலுக் ஆன்சனில் வேறொரு கொட்டகையில் வாசிக்கிறேன். என் ஆங்கிலம் போதாது என்ற பேச்சு எனக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. அது அடங்க நாளாயிற்று. அந்தப் பேச்சை நானே ஏற்றுக்கொண்டது பற்றி எனக்கு வருத்தமில்லை. அஞ்சலை அக்கா அதே லயத்தில்தான் பிள்ளைகளோடு இருக்கிறார்.

உங்களுக்குச் சொல்ல நான் கற்ற பாடம் ஒன்றுதான். அதைக் கற்றுத் தந்தது பள்ளிக்கூடம் அல்ல. எழுத்து விழுந்தால் வாசியுங்கள். முழுவதும் வாசியுங்கள், நம் சனங்களுக்கு விளங்கும் சொல்லில் வாசியுங்கள், குரல் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். ஆனால் உங்கள் கொட்டகையில் என்றைக்காவது பெண்கள் தரையில் இறங்கி வட்டம் கூடினால், தகரக் குழாயைக் கீழே வைத்துவிடுங்கள். திரையில் எத்தனை எழுத்து வந்தாலும் போகட்டும். அவர்கள் முகம் கழுவிவிட்டு வரும் வரை எடுக்காதீர்கள்.